செவ்வாய், வெள்ளி

தவமணி அக்காவின் வலது பாதம்
என் மடிக்கு நேரே, பச்சைத் துணிமேல்.
பெருவிரலுக்குக் கீழே
ஐம்பது காசு அகலத்தில் ஒரு பள்ளம்.

முள் ஏறியது அவருக்குத் தெரியாது.
சர்க்கரை அந்தக் காலின் காதை எப்போதோ அடைத்துவிட்டது.
கெரப்பு என்கிறார், செனாங்கின் என்கிறார்,
எந்த மீனின் முள் என்பது
வாரத்துக்கு ஒன்றாக மாறும்.
பூட்ஸைக் கழற்றிக் கவிழ்த்தபோது
ஐஸ் தண்ணீர் சிவப்பாய் ஊற்றியதாம்.
தன்னுடையது என்று நினைக்கவில்லை.
மீன் வெட்டுகிறவள் பூட்ஸில்
யாருடைய இரத்தம்தான் இல்லை.

பதினோரு மாதம்.
ஆறுவதுபோல் காட்டும்,
பிறகு ஒரு திங்கட்கிழமை பழையபடி வாய் திறக்கும்.
ஜெலுத்தோங் கிளினிக்கின் மூன்றாம் அறையில்
நான் கிழித்துப்போட்ட காகித அளவுகோல்களை
நீட்டி ஒட்டினால்
பாலத்தில் பாதி தூரம் போகும்.

டாக்டர் எழுதிக்கொடுத்தார்: கொலாஜன்.
எங்கள் அலமாரியில் இல்லை.
மகன் லோகநாதன்
கிராப் ஓட்டிய காசில் ஐந்து துண்டு வாங்கிவந்தான்.

உறையைப் பிரித்தேன்.
வெள்ளையாய், எடையே இல்லாமல்,
முட்டையின் உள்தோல் கொஞ்சம் தடித்ததுபோல்.
"இது எதுல செஞ்சது, மிஸ்ஸி?"
வெளிநாற்காலியில் காத்திருந்த பாக் ஹம்சாவும்
கழுத்தை நீட்டினார், அவருக்கும் அதே கேள்வி.
உறையின் பின்னால் மணல் மணலாய் எழுத்து.
கண்ணாடியை மாட்டிப் படித்தேன்.
மீன். மீனுடைய தோல்.

அக்கா சிரித்த சிரிப்பில்
கால் ஆடி, என் கத்தரிக்கோல் கோணலாய்ப் போனது.
"இருபத்திரண்டு வருஷமா உரிச்சு உரிச்சு
வாளியில போட்டேன்."

வெள்ளிக்கிழமை கட்டைப் பிரித்தால்
துண்டைக் காணோம்.
ஓரத்தில் மட்டும் கஞ்சி ஆடைபோல் ஏதோ.
"வைக்க மறந்துட்டிங்க."
"வைத்தேன், அக்கா."
"அறுவது வெள்ளி, மிஸ்ஸி. எங்க போச்சு?"

சொல்லிப்பார்த்தேன்.
புண்ணுக்குள் சில நொதிகள்,
செத்ததைத் தின்று இடத்தைச் சுத்தம் செய்ய வந்தவை.
வேலை முடிந்தும் கிளம்பவில்லை.
இரவெல்லாம் உங்கள் உடம்பு கட்டுகிற புதுச்சதையை
விடிவதற்குள் தின்றுவிடுகின்றன.
அவற்றின் முன்னால் இதை வைப்பது
எதற்கென்றால்,
எதற்கென்றால்...
படித்த சொல் மலாயில் வந்தது, தமிழில் வரவில்லை.

அக்கா பாதத்தையே பார்த்தபடி
"பூனை" என்றார்.
"கீழ குடலப் போடணும்.
போட்டாத்தான் மேசைமேல ஏறாது.
தின்னட்டும்னு போட்டுட்டு
எங்க போச்சுன்னு கேக்குறேன் பாரு, மடச்சி."

அதன்பிறகு வந்து உட்காரும்போதே கேட்பார்:
"பூனைக்குப் போடலாமா?"

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில்
வெறுங்காலோடு ஏறக்கூடாது என்று நான் மிரட்டியதை
முருகனிடமே சொல்லிவிட்டாராம்.
பந்தலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தாராம்.
செருப்பைக் கழற்றவில்லை என்பதற்குக்
குதிகாலில் வார் பதிந்த கோடு சாட்சி.
அதையும் அளந்துவிடுவேன் என்று பயந்தவர்போல்
காலை இழுத்துக்கொண்டார்.

இன்று ஐந்தாவது துண்டு.
உப்புநீரில் கழுவினேன்.
பள்ளத்தின் தரை சிவந்து, பொடி மணிகளாய்.
ஓரத்திலிருந்து வெளிறிய தோல்
மயிரிழை உள்ளே வந்திருக்கிறது.
இரண்டு தரம் அளந்தேன்.
இருபது காசு.
பத்து என்று எழுதக் கை துடித்தது.
இருபது என்றே எழுதினேன்.

புண்ணின் வடிவத்துக்கு வெட்டியபின்
மிச்சம் ஒரு பிறை.
எடுத்துவைக்க முடியாது, காற்றுப்பட்டுவிட்டது.
மஞ்சள் தொட்டியை மிதித்துத் திறக்கிறேன்.
"போடாதீங்க" என்கிறார் அக்கா.
கொஞ்சம் கழித்து அவரே, "சரி, போடுங்க."

மூடி மெதுவாக இறங்குகிறது.
செவ்வாய்க்கிழமை எத்தனை மணிக்கு என்று கேட்கிறார்.
எட்டரைக்கு என்கிறேன்.
ஆறாவது துண்டைப் பற்றி
அவரும் பேசவில்லை,
நானும் பேசவில்லை.